சுருளும் செயலும்: கையால் செய்யும் வாழ்த்து அட்டையின் வரலாறும் நம் பொறைமடலும்

திண்டுக்கல் மாவட்டத்தில், பழனிக்கு மேற்கே, சமவெளியின் நடுவே ஐவர்மலை என்னும் குன்று நிற்கிறது. பாண்டவர் ஐவர் தங்கிய இடம் என்று ஊரார் சொல்வர். பழங்காலத்தில் அக்குன்றின் பெயர் திருவயிரை. அங்குள்ள பாறைச் சரிவில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870இல், பாண்டியன் வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டில், அப்பாறையில் ஒரு கல்வெட்டு பொறிக்கப்பட்டது. குணவீரக் குரவடிகளின் மாணாக்கராகிய சாந்திவீரக் குரவர், அங்கிருந்த பார்சுவநாதர் திருமேனியையும் இயக்கியர் திருமேனிகளையும் புதுக்கினார் என்றும், வழிபாட்டுக்கும் துறவி ஒருவரின் உணவுக்குமாக 505 காணம் பொன் வைத்தார் என்றும் அது கூறுகிறது.

அக்கல்வெட்டில் நாம் நின்று நோக்க வேண்டிய சொல் 'புதுக்குதல்' என்பது. சாந்திவீரர் பழையதை நீக்கிப் புதியதொன்றை அமைக்கவில்லை. மங்கியதை மீண்டும் விளங்கச் செய்தார்.

மதுரை, திண்டுக்கல் பகுதிகளின் சமணக் குன்றுகளில் மற்றொரு சொல்லையும் காண்கிறோம். அச்சணந்தி முதலிய பெரியோர்களின் பெயர்களைத் தாங்கிய சிறு கல்வெட்டுகள் சில, 'செயல்' என்ற சொல்லோடு முடிகின்றன. இன்னார் செயல் என்பதற்கு மேல் அவற்றில் புகழுரை இல்லை. கழுகுமலையில் 'குரத்தியர்' எனப்பட்ட பெண் ஆசிரியர்களின் பெயர்களும் கல்லில் நிலைத்துள்ளன. ஒருவர் தம் உழைப்பாலோ பொருளாலோ ஒன்றைச் செய்வித்து, அதனடியில் தம் பெயரை இடுவது நம் முன்னோர் அறிந்த வழக்கம்.

'புதுக்குதல்', 'செயல்' என்னும் இவ்விரு சொற்களையும் மனத்திற் கொண்டு, இன்று நம் இல்லத்துப் பிள்ளைகள் விரும்பிச் செய்யும் ஒரு சிறு கைவினையின் வரலாற்றைக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம். வண்ணக் காகிதக் கீற்றுகளைச் சுருட்டி, அச்சுருள்களை மலராகவும் இலையாகவும் அமைத்து வாழ்த்து அட்டை செய்யும் கலையே அது. 'குவில்லிங்' என்னும் ஆங்கிலப் பெயராலேயே பள்ளிகளிலும் விடுமுறைக்கால வகுப்புகளிலும் அது வழங்குகிறது. தமிழில் காகிதச் சுருள் கலை எனலாம். பொழுதுபோக்கு என்று எளிதில் ஒதுக்கப்படும் இக்கலை, நம் சமயத்தின் மிக உயர்ந்த ஒரு வழக்கத்துக்குத் துணையாகக் கூடும்.

நம் நாட்டுச் சுருள்

காகிதம் வருமுன் நம் மக்கள் ஓலையைச் சுருட்டினர். பனையோலைக் கீற்றைச் சுருளாக்கிக் காதில் அணிந்தனர். அதனாலேயே காதணிக்கு 'ஓலை' என்ற பெயர் நின்றது. ஆடிப் பெருக்கன்று காதோலையும் கருகமணியும் ஆற்றுக்குப் படைக்கும் வழக்கம் இன்றும் உண்டு. செய்தி சொல்லும் ஓலையும் சுருட்டப்பட்டே ஊர் கடந்து சென்றது. தென் மாவட்டங்களில் திருமண வீட்டில் உறவினர் அளிக்கும் அன்பளிப்புக்குச் 'சுருள்' என்றே பெயர். அணியும் மடலும் அன்பளிப்புமாகச் சுருள் நமக்குப் பழகிய வடிவம். இன்று மகளிர் சிலர் காகிதக் கீற்றைச் சுருட்டிச் செய்யும் ஜிமிக்கி, தம்மை அறியாமலே பழைய காதோலைக்குத் திரும்பிய அணியாகும்.

எனினும் இப்போது நாம் பழகும் காகிதச் சுருள் கலை ஓலையிலிருந்து நேரே வந்ததன்று. அது ஐரோப்பாவில் வளர்ந்து, பிற்காலத்தில் நம்மிடம் வந்து சேர்ந்தது.

இறகிலிருந்து வந்த பெயர்

பொன், வெள்ளிக் கம்பிகளை வளைத்துச் செய்யும் நுண்ணிய அணிவேலை ஐரோப்பியத் தேவாலயங்களில் பெருமதிப்புப் பெற்றிருந்தது. பிரான்சு, இத்தாலி நாடுகளின் கன்னியர் மடங்களில் அத்தகைய விலையுயர்ந்த வேலைக்குப் பொருள் இல்லாதபோது, துறவுப் பெண்கள் காகிதத்தை நாடினர். நூல்களின் ஓரங்களை வெட்டும்போது விழும், பொன் பூசிய மெல்லிய கீற்றுகளை எடுத்துச் சுருட்டிப் புனிதப் பொருள்களின் பேழைகளை அழகு செய்தனர். வீணாகும் துண்டுகளே அவர்களுக்குப் பொற்கம்பி ஆயின. கீற்றைச் சுற்றுவதற்குப் பறவை இறகின் காம்பு பயன்பட்டதால், இறகைக் குறிக்கும் 'குவில்' என்ற சொல்லே பின்னர்க் கலைக்கும் பெயராயிற்று.

18ஆம் நூற்றாண்டில் இக்கலை இங்கிலாந்தின் செல்வர் இல்லங்களுக்குச் சென்றது. தேயிலைப் பெட்டிகளும் கூடைகளும் படச்சட்டங்களும் காகிதச் சுருள்களால் மூடப்பட்டன. மன்னர் மூன்றாம் ஜார்ஜின் மகள் இளவரசி எலிசபெத்துக்கு 1791இல் அரண்மனைத் தச்சுக் கலைஞர் ஒருவர் வழங்கிய பொருள்களுள், 15 அவுன்ஸ் வண்ணக் காகிதக் கீற்றுகளும் 1 அவுன்ஸ் பொற்காகிதமும் இருந்தன. ஜேன் ஆஸ்டின் 1811இல் வெளியிட்ட 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' புதினத்தில், இரு பெண்கள் அருகருகே அமர்ந்து ஒரு குழந்தையின் கூடைக்காகக் காகிதம் சுருட்டும் காட்சி வருகிறது. ஒரே ஆடவனை விரும்பும் அவ்விருவரின் உள்ளங்களும் ஒன்றையொன்று நம்பவில்லை. கைகள் மட்டும் இணக்கமாக இயங்குகின்றன. கைவினை தானாகவே மனத்தைத் தூய்மை செய்துவிடாது என்பதை அக்காட்சி நமக்கு நினைவூட்டும்.

மடத்தில் பிறந்தபோது வறுமையின் கலையாகவும் வழிபாட்டின் கலையாகவும் இருந்தது, அரண்மனையில் ஓய்வுப் பொழுதின் கலையாயிற்று. எந்த நோக்கத்துக்காகச் சுருட்டுகிறோம் என்பதே அதன் மதிப்பை வரையறுக்கிறது.

நேரமின்மையில் பிறந்த அச்சு வாழ்த்து

வாழ்த்து அட்டையின் வரலாறு வேறு வழியில் வந்தது. 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர், கிறிஸ்துமஸ் நாளில் நண்பர்களுக்குத் தனித்தனியே மடல் எழுத நேரமின்றித் தவித்தார். ஓவியர் ஜான் ஹார்ஸ்லியைக் கொண்டு ஒரு படம் வரையச் செய்து, அதனை ஏறத்தாழ 1000 படிகள் அச்சிட்டார். தாம் பயன்படுத்தியவை போக எஞ்சியவை ஒரு ஷில்லிங் விலைக்கு விற்கப்பட்டன. விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை என்று அதனையே குறிப்பிடுவர். அச்சு வாழ்த்து நேரத்தை மிச்சப்படுத்தும் தேவையிலிருந்து பிறந்தது என்பது கருதத்தக்கது.

நம் நாட்டில் 1879 ஜூலை 1ஆம் நாள் அஞ்சலட்டை அறிமுகமாயிற்று. கால் அணா விலையில் நாட்டின் எந்த மூலைக்கும் ஒரு வணக்கத்தை அனுப்ப இயன்றது. பின்னர்த் தமிழகத்தில் பொங்கல் வாழ்த்து அட்டைகள் பெருகின. சிவகாசி அச்சகங்களின் வண்ணப் படங்கள், கரும்பும் பானையும், கடவுளரும் திரைநடிகரும், தைத்திங்கள் பிறக்குமுன் கடைவாசல்களில் தொங்கின. ஒரு தலைமுறை அவற்றைத் தேர்ந்தெடுப்பதிலேயே மகிழ்ந்தது. கைபேசி பரவிய பின் அக்காட்சி மறைந்துவிட்டது. அச்சு அட்டை எந்த நேரத்தை மிச்சப்படுத்த வந்ததோ, அதே நேரத்தை இன்னும் மிச்சப்படுத்தும் கருவி வந்ததும் அட்டை தோற்றது.

ஆக்ராவிலிருந்து சென்ற மடல்

ஹென்றி கோலுக்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே சமணர் உலகில் வேறொரு வகை மடல் இருந்தது. குஜராத், ராஜஸ்தான் பகுதிகளின் சுவேதாம்பர மரபில் அதற்கு 'விஜ்ஞப்தி பத்திரம்' என்று பெயர். ஓர் ஊரின் சங்கத்தார், மழைக்காலத்தில் தம் ஊரில் தங்கியருளுமாறு ஆசாரியரை வேண்டி அனுப்பும் நீண்ட ஓவியச் சுருள் அது. மங்கலச் சின்னங்களும், தீர்த்தங்கரரின் தாயார் கண்ட கனவுகளும், ஊரின் கடைவீதியும் கோயில்களும் அதில் வரையப்படும். அம்மரபில் கனவுகள் 14. நம் திகம்பர மரபில் 16. ஓவியங்களை அடுத்து மடல் எழுதப்படும். பர்யூஷண நாள்களில் தாங்கள் ஆற்றிய அறங்களைக் கூறி, அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்தருளுமாறு சங்கத்தார் அதில் வேண்டுவர்.

இவற்றுள் புகழ்பெற்றது 1610இல் ஆக்ரா சங்கத்தார், குஜராத்தில் இருந்த விஜயசேன சூரிக்கு அனுப்பிய சுருள். முகலாய ஓவியர் சாலிவாகனர் அதனை வரைந்தார். பர்யூஷண நாள்களில் உயிர்க்கொலையைத் தடுத்துப் பேரரசர் ஜஹாங்கீர் ஆணை பிறப்பித்த செய்தி அதில் ஓவியமாக உள்ளது. பேரரசின் அவை, நகரத்தின் தெரு, ஆணையைக் கேட்டு மகிழும் மக்கள் என்று அனைத்தையும் ஒரு சங்கம் தன் குருவுக்கு மடலாக அனுப்பியது. கையால் செய்த வாழ்த்து, உயிர்களின்பால் அருள், பொறுத்தருள வேண்டுதல் ஆகிய மூன்றும் அவ்வொரு சுருளில் இணைந்தன.

காலம் செல்லச் செல்ல ஓவியச் சுருளின் இடத்தை எளிய அஞ்சலட்டையும் அச்சிட்ட மன்னிப்பு மடலும் பெற்றன. தமிழ்ச் சமணராகிய நமக்கும் இவ்வழக்கத்தின் உட்பொருள் புதிதன்று. தசலட்சணப் பருவத்தின் பத்து நாள்களில் முதல் நாளே உத்தம பொறைக்கு உரியது. அனந்த சதுர்த்தசியோடு நோன்பு நிறைவுற்றபின் வரும் க்ஷமாவாணி நாளில் ஒருவரையொருவர் பொறுத்தருள வேண்டுகிறோம். 'மிச்சாமி துக்கடம்' என்னும் தொடரும் இதையே சொல்கிறது: நான் செய்த தீவினை பயனற்றுப் போகுக.

அகிம்சைக்கு ஏற்ற காகிதம்

நம் மடல் எதனால் ஆனது என்பதும் சமணர்க்கு உரிய வினாவே. கையால் செய்யும் காகிதம், பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்கி வார்க்கப்படுவது. மரம் வெட்டத் தேவையில்லை. ஆலைகளால் நலிந்திருந்த இத்தொழிலை மீட்க முனைந்தவர்களுள் முதன்மையானவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. காந்தியடிகளின் வழிகாட்டலில் 1934இல் தோன்றிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவில் இருந்து நடத்திய அவர், கைக்காகிதத்தையும் அதன் பணிகளுள் ஒன்றாகக் கொண்டார். தம் இறுதிக் காலத்தை மதுரை மாவட்டத்து டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் கழித்து, 1960 ஜனவரி 30ஆம் நாள் மறைந்தார். ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரில் இயங்கும் தேசியக் கைக்காகித நிறுவனம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடம் 1959இல் தொடங்கப்பட்டது.

நூற்பாலைகளும் கைத்தறிகளும் நிறைந்த திண்டுக்கல் சமவெளியில் பருத்தியின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கைவினைக்கும் இயந்திரத்துக்கும் இடையிலான போட்டியையும் அவ்வூர் நன்கறியும். திண்டுக்கல் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் ஆலைப் பூட்டுகளின் விலையோடு போட்டியிட இயலாமல் பட்டறைகள் பல மூடப்பட்டன. கையால் செய்த பூட்டுக்கு அதனதன் சாவியே பொருந்தும் என்பது அத்தொழிலாளரின் பெருமை. கையால் செய்த மடலும் அத்தகையதே; எவருக்காகச் செய்தோமோ அவர் ஒருவர்க்கே அது பொருந்தும்.

பத்து இதழ் மலர்

காகிதச் சுருள் அட்டைக்குத் தேவையானவை மிகச் சில. ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அகலக் கீற்றுகள் எழுதுபொருள் கடைகளில் கட்டுகளாகக் கிடைக்கின்றன. பழைய வண்ணத் தாள்களை நாமே வெட்டிக்கொள்வதும் ஆகும். பறவையின் இறகு நமக்கு வேண்டுவதில்லை. தென்னை ஈர்க்கின் நுனியைச் சிறிது பிளந்து, அப்பிளவில் கீற்றின் முனையைச் செருகிச் சுற்றினால் போதும். முற்காலத்தில் ஒட்டுவதற்கு விலங்கின் தோலிலிருந்து எடுத்த பசையும் வழங்கியது. நமக்கு மாவைக் காய்ச்சிய பசையே ஏற்றது.

கீற்றை இறுகச் சுற்றி முனையை ஒட்டினால் மலரின் நடுப்பொட்டு அமையும். சுற்றிய சுருளைச் சிறிது தளரவிட்டு, முனையை ஒட்டி, ஒரு பக்கத்தை விரல்களால் அழுத்தினால் நீர்த்துளி வடிவம். இரு பக்கமும் அழுத்தினால் கண் வடிவம். நீர்த்துளிகள் இதழாகும், கண் வடிவங்கள் இலையாகும். அழுத்தம் மிகுந்தால் சுருள் நசுங்கும். குறைந்தால் வடிவம் நில்லாது. பசை ஒரு துளிக்கு மேல் போனால் தாளில் கறை படியும். இதைக் கற்கும் குழந்தைக்கு எந்த உரையும் இன்றிப் பொறுமை விளங்கிவிடுகிறது.

தசலட்சணப் பருவத்துக்கு உரிய அட்டையில் பத்து இதழ்கள் கொண்ட ஒரு மலரை அமைக்கலாம். பொறை, பணிவு, நேர்மை, தூய்மை, வாய்மை, புலனடக்கம், தவம், ஈகை, பற்றின்மை, பிரமசரியம் என்று நாளுக்கு ஓர் இதழாகப் பத்து நாளில் மலர் நிறைவுறும். அந்தந்த நாளின் அறத்தைப் பெரியவர்கள் எடுத்துக்கூற, பிள்ளைகள் அந்நாளுக்குரிய இதழைச் சுருட்டலாம். பதினோராம் நாளில் மலர் முழுமையாகவும், மடல் எழுதும் மனம் ஆயத்தமாகவும் இருக்கும். மகாவீரர் நிர்வாணம் அடைந்த தீபாவளி நாளுக்கு ஒரு விளக்கின் சுடரே போதும்.

தடித்த அட்டையை மேலே வைத்துக் காப்பிட்டு உறையிலிட்டால், சுருள்கள் அஞ்சலில் நசுங்காமல் போய்ச் சேரும். முகவரியை எழுதுமுன் அட்டையின் உள்ளே தமிழில் நான்கு வரிகளேனும் கைப்பட எழுதுதல் வேண்டும். மலர் எத்துணை அழகாயினும் அது மடலுக்கு வாயிலே அன்றி மடல் ஆகாது.

செயலும் செயலியும்

இனி, சொல்ல வந்ததைச் சொல்லிவிடலாம். இன்று க்ஷமாவாணி நாளில் நம் கைபேசிகளுக்கு வந்து குவியும் மன்னிப்புச் செய்திகள் எண்ணில் அடங்கா. எவரோ அமைத்த படம், எவரோ எழுதிய வாசகம். அதனை ஒரே தொடுகையில் 200 பேருக்கு அனுப்புகிறோம். அந்த 200 பேருள் நம்மால் உண்மையாகவே புண்பட்டவர் இருக்கிறாரா என்று எண்ணிப் பார்ப்பதில்லை. பங்காளியோடு பேச்சு நின்று பத்து ஆண்டு ஆகியிருக்கும். நிலத்தின் வரப்பு பற்றிய வழக்கோ, திருமணத்தில் நேர்ந்த மரியாதைக் குறைவோ காரணமாயிருக்கும். அவர் எண் நம் கைபேசியிலேயே இராது. யாரிடம் பொறை வேண்ட வேண்டுமோ அவர் ஒருவரைத் தவிர அனைவரிடமும் வேண்டிவிட்டோம் என்ற நிறைவோடு உறங்கச் செல்கிறோம்.

கைபேசியில் இயங்குவதற்குத் தமிழில் 'செயலி' என்று பெயரிட்டிருக்கிறோம். செயலி தன் பணியைச் செய்கிறது, அதில் குறையில்லை. ஆனால் அவ்வாழ்த்தின் கீழே 'இன்னார் செயல்' என்று எழுத நமக்கு உரிமை உண்டா என்பதே வினா.

கையால் ஓர் அட்டை செய்ய ஒரு முகூர்த்தமேனும், அதாவது 48 நிமிடமேனும், ஆகும். நாம் சாமாயிகத்துக்கு வகுத்துக்கொண்ட கால அளவும் அதுவே. அட்டை செய்வது சாமாயிகத்துக்கு ஈடாகாது. அப்படிச் சொல்வது பிழை. ஆயினும் அவ்வளவு நேரம் ஒருவரையே நினைத்துக் காகிதம் சுருட்டுபவர், அவர்மேல் கொண்ட சினத்தை முன்போலவே வைத்திருப்பது அரிது. அப்படியும் சினம் தணியவில்லையாயின், அட்டையை அனுப்பாமல் வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டு மீண்டும் ஒன்று செய்யலாம். பொறையைப் போலியாகக் காட்டுவதினும் அது மேல்.

தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இன்று சிதறி வாழ்கின்றன. வந்தவாசி, திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர்களில் வேர் கொண்ட குடும்பங்கள், வேலையும் தொழிலும் கருதித் தொலைவிலுள்ள நகரங்களில் ஓரிரு வீடுகளாக உள்ளன. ஊரில் ஜினாலயத்துத் திருவிழாவில் நேரே கண்டு கைகூப்பித் தீர்த்துக்கொண்ட மனத்தாங்கல்கள், தொலைவால் ஆண்டுக்கணக்கில் இறுகிவிடுகின்றன. நம் பிள்ளைகளுட் பலர்க்குப் பெரியப்பா, சித்தப்பா வீடுகளின் பெயர்கள் தெரியும். அவ்வீட்டுத் திண்ணை தெரியாது. ஒரு பேரக்குழந்தை தன் கையால் செய்து, தமிழில் எழுதிய மடல் ஊர் வீட்டுக்குச் சென்று சேருமாயின், பெரியவர்கள் இருவர் பேசாமல் விட்ட பேச்சை அது தொடங்கிவைக்கக் கூடும். மடலைப் பிரிப்பவர் அதனைச் சுவரில் செருகிவைப்பார். ஒவ்வொரு நாளும் அது அவர் கண்ணில் படும்.

ஐவர்மலையில் சாந்திவீரக் குரவர் செய்ததும் இத்தகையதே. திருமேனியைப் புதுக்கியதோடு நில்லாமல், அது மீண்டும் மங்காதிருக்க நாள்தோறும் நடைபெற வேண்டியதற்கும் பொன் வைத்தார். உறவும் ஒருமுறை புதுக்கினால் போதாது; ஆண்டுதோறும் பேண வேண்டும். அதற்கு நாம் வைக்க வேண்டிய பொன் ஒரு முகூர்த்த நேரமும் சில காகிதக் கீற்றுகளுமே.

இவ்வாண்டு ஒவ்வொரு இல்லத்திலும் ஓர் அட்டையேனும் செய்வோம். நமக்கு மிக நெருக்கமானவர்க்கு அன்று. நாம் நெடுநாள் பேசாதிருக்கும் ஒருவர்க்கு. அதன் அடியில் நம் பெயரை எழுதி, 'செயல்' என்று முடிப்போம்.

அறம் வளர்க.